ஒரு வருஷம் போதாதா?

"ஒரு வருஷம் டைம் கொடுத்தும் ஒரு கடிதம் போட முடியலைன்னா, அது அலட்சியம்தானே?" என் மச்சானின் விஷயத்தைக் கேட்டுவிட்டு லோயர் நண்பர் ஒருவர் சொன்னது இது. நல்ல மனிதர். காசு வாங்காமல் எத்தனையோ ஏழைகளுக்குக் கேஸ் நடத்திக் கொடுத்தவர். யாரையும் குத்திக்காட்டுவதற்காகவும் அவர் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு ரொம்ப நாள் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு லோயர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருப்பவன் நான். தேதிகளைக் காவல் காப்பதுதான் என் பிழைப்பு. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மருத்துவ வாரிய முடிவை ஏற்காதவருக்கு 90 நாள். அரசாங்கத் துறையின் மேல் வழக்குப் போடுவதற்கு 36 மாதம். இந்த எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காலக்கெடு வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. சாட்சிகள் மறந்துபோவார்கள், காகிதங்கள் தொலையும், எதிர்த்தரப்புக்கும் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். என் சண்டை காலக்கெடுவோடு இல்லை. அது தவறிப்போன பிறகு நாம் ஒரு மனிதனிடம் என்ன கேட்கிறோம், என்ன கேட்காமல் விடுகிறோம் என்பதோடுதான்.

மச்சான் என் அத்தை மகன். ஆயர் ஈத்தாமில் வளர்ந்தவன். படிக்க அமெரிக்கா போன இடத்தில் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். நம் பையன் அமெரிக்கப் படையிலா என்று இப்போதும் கேட்கிறார்கள். 2009ல் அவர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், மாவ்னி என்பார்கள். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், முறையான விசாவில் இரண்டு வருஷமாவது அங்கே இருந்து, ராணுவத்துக்குத் தேவையான ஒரு மொழி தெரிந்திருந்தால் சேரலாம். குடியுரிமையும் சீக்கிரம் கிடைக்கும். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது, மலாயும் இருந்தது. 2016ல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மச்சான் அதற்கு முன்பே சேர்ந்து, ஆப்கானிஸ்தான் போய், முதுகில் ஒரு காயத்தோடும் வெளியே தெரியாத வேறொன்றோடும் திரும்பினான். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை என்பதால் சிவப்புப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தாயிற்று. அத்தைக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இப்போது மனைவியின் பெயரில் கிடைத்த விசாவில் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறான்.

அங்கிருந்து கிளம்பும் முன்பே அமெரிக்கப் படைவீரர் நலத் துறையில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தான். முடிவுக் கடிதம் அவனுடைய பழைய டெக்சாஸ் முகவரிக்குப் போனது. அங்கே கூட இருந்த நண்பன் அதைப் பினாங்குக்கு அனுப்பி வைத்தான். இதில் யார் மேலும் குற்றமில்லை. பதிவில் என்ன முகவரி இருந்ததோ அதற்குத்தான் அனுப்பினார்கள். கொஞ்சம் தாமதமானாலும் கடிதம் கைக்கு வந்து சேர்ந்தது, கெடுவுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. அவன் அதைப் பிரிக்கவில்லை.

அந்தக் கவரை நான் பார்த்திருக்கிறேன். ஐஸ்பெட்டி மேல், கரண்ட் பில், தண்ணீர் பில்லோடு கிடந்தது. முகவரி தெரிய ஜன்னல் வைத்த வெள்ளைக் கவர். மாதாமாதம் பில் கட்ட அந்தக் கட்டை எடுப்பவன் மச்சான்தான். கவரைத் தூக்கித் தனியாக வைப்பான், பில்களை உருவுவான், கட்டிவிட்டு வந்து கவரை மறுபடி அதே இடத்தில் வைப்பான். எடுத்து வைத்து எடுத்து வைத்து அதன் ஒரு மூலை பழந்துணி மாதிரி நைந்துபோயிருந்தது. ஒரு பில்லுக்குக்கூட அவன் கெடுத் தவறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் கத்தியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் காரைக் கழுவ ஆரம்பித்தான் என்று அவன் மனைவி சொன்னாள். மழை பெய்துகொண்டிருந்ததாம்.

கடைசியில் கவரைப் பிரித்தவள் அவள்தான். முதுகுக் காயத்துக்கு ஊன அளவாக ஒரு சிறு சதவீதம் கொடுத்திருந்தார்கள். மனநோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அந்தப் பகுதியை மறுத்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கான ஒரு வருஷம் அதற்குள் முடிந்து சில வாரங்கள் ஓடிவிட்டிருந்தன.

என்ன போகிறது

அமெரிக்காவில் இந்த மேல்முறையீட்டு முறையை 2017ல் சட்டம் போட்டு மாற்றி, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கலாம். புதிய சான்றோடு துணைக் கோரிக்கை வைக்கலாம், மூத்த அதிகாரி ஒருவரை மறுபடி பார்க்கச் சொல்லலாம், அல்லது படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஒரு வருஷம் தாண்டினால் எல்லாமே போச்சு என்று இல்லை. புதிய சான்று இருந்தால் துணைக் கோரிக்கை எப்போது வேண்டுமானாலும் போடலாம். போவது தேதி. கெடுவுக்குள் போயிருந்தால், என்றைக்கு ஜெயித்தாலும் பணம் முதல் மனுவின் தேதியிலிருந்து கணக்காகும். கெடு தாண்டிவிட்டால் புதிதாக மனுப்போட்ட நாளிலிருந்துதான். நடுவில் நோயோடு வாழ்ந்த காலம் கணக்கில் வராது. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 175 டாலர் சொச்சம். 70 சதவீதம் என்றால் 1,759 டாலர். இந்த வித்தியாசத்தை மாதங்களால் பெருக்கி ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்தால், பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பத்துக்கு அது என்ன தொகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஹெண்டர்சன்

மச்சானுக்கு வழி தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் டேவிட் ஹெண்டர்சனின் வழக்கு கண்ணில் பட்டது. 1950 முதல் 1952 வரை, கொரியப் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்தவர். கடுமையான மனச்சிதைவு நோய். அவருக்கு 100 சதவீத ஊனம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டிருந்தது. வீட்டோடு பராமரிப்புக்கு உதவி வேண்டும் என்று 2001ல் மனுப் போட்டார். 2004ல் வாரியம் மறுத்தது. வாரியத்தின் முடிவை எதிர்த்துப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 120 நாள் கெடு. லோயர் இல்லாமல் அவரே எழுதிப் போட்டார். 15 நாள் தாமதம். ஏன் தாமதம் என்று கோர்ட் கேட்டது. நோயால்தான் என்று பதில் எழுதினார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, 2007ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பௌல்ஸ் என்ற கைதியின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு செய்ய அவருக்குச் சட்டப்படி 14 நாள். நீதிபதி தவறுதலாக 17 நாள் எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தத் தேதியை நம்பி, அதற்குள்ளேயே மனுப் போட்டார் பௌல்ஸ். சட்டக் கெடு தாண்டிவிட்டது, கோர்ட்டுக்கு இதைக் கேட்கும் அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதியின் கையெழுத்தை நம்பியவனுக்கே அந்தக் கதி. அதே தீர்ப்பை ஹெண்டர்சன் மேலும் பொருத்தி, அவருடைய வழக்கையும் தள்ளுபடி செய்தார்கள். மேலே கொண்டுபோனார். 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. அந்த 120 நாள் ஒரு முக்கியமான விதிதான், ஆனால் அது தாண்டியதாலேயே கோர்ட்டின் அதிகாரம் போய்விடாது என்றது. ஹெண்டர்சன் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 2010லேயே இறந்துவிட்டார். அவர் மனைவி டொரெத்தாதான் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்.

மனநோய்க்காக 100 சதவீதம் கொடுத்த ஒருவர், மனநோயால் 15 நாள் தாமதமானேன் என்று சொல்கிறார். அதைக் கேட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று முடிவு செய்யவே இத்தனை வருஷம் பிடித்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1988 வரை முன்னாள் படைவீரர்கள் இந்த மாதிரி முடிவுகளை எதிர்த்துப் போவதற்கென்று ஒரு கோர்ட்டே கிடையாது. கதவைத் திறக்க அவ்வளவு காலம் ஆன இடம் அது.

பட்டாசு ராத்திரி

சரி, கேட்டுக்கொள்வார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கேட்பார்கள்? 2004ல் பாரெட் என்பவரின் வழக்கில் மேல்நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. மனநோய் இருக்கிறது என்ற மருத்துவச் சீட்டு மட்டும் போதாது. நிதானமாக யோசிக்கவோ, சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளவோ, சமூகத்தில் இயங்கவோ முடியாத நிலையில் இருந்தார், தாமதம் அதனால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. மச்சானைப் பக்கத்தில் நிறுத்திப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. காலையில் மகளைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுபவன் அவன். பில் கட்டுபவன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் வேலைக்கு வருபவன், இரவு கூட்டம் கூடும் முன்பே வீட்டுக்குத் திரும்பிவிடுவான், அவ்வளவுதான். சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள முடியாதவன் என்று இவனைக் காட்டி யாரிடம் சொல்வது?

லோயர் நண்பரோடு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வழக்கறிஞர் என்ன கேட்பாரோ அதைக் கேட்டார். "சீனப் பெருநாள் ஒன்பதாம் நாள் பிறக்கிற ராத்திரிக்கு வருஷா வருஷம் ஹோட்டல் புக் பண்றான்னு சொன்னீங்களே. ரெண்டு மாசம் முன்னாலேயே யோசிச்சு ரூம் போடத் தெரிஞ்சவனுக்கு ஒரு கவர் பிரிக்கத் தெரியாதா?"

பினாங்கில் இருப்பவர்களுக்கு அந்த ராத்திரி தெரியும். ஹொக்கியன்காரர்கள் விண்ணுலக வேந்தனுக்குப் படையல் போடும் இரவு. நள்ளிரவு தாண்டியும் பட்டாசு ஓயாது, கடலைத் தாண்டிக் காது வரைக்கும் வரும். மச்சான் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுத் தள்ளி ஒரு ஹோட்டலுக்குப் போய்விடுவான். மகளுக்கு நீச்சல் குளம் பிடிக்கும் என்பதுதான் வீட்டில் சொல்லிக்கொள்ளும் காரணம்.

நண்பர் கேட்டதற்குக் கடையிலேயே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பெர்ரியில் நிற்கும்போதுதான் அது பிடிபட்டது. ரூம் போட்டதும் கவரைப் பிரிக்காததும் வேறு வேறு இல்லை, இரண்டும் ஒன்று. அந்தச் சத்தம் வரும் இடத்தில் இருக்கக்கூடாது என்று ஓடுவதற்கு அவனுடைய புத்தி முழுசாக வேலை செய்கிறது. அந்தக் கவருக்குள்ளும் அதே சத்தம்தான் இருக்கிறது. மனுவோடு அவன் கொடுத்த வாக்குமூலத்தில் எந்தத் தேதி, எந்த இடம், யார் இறந்தார் என்றெல்லாம் எழுத வேண்டியிருந்தது. பதில் கடிதம் அதையெல்லாம் திருப்பிச் சொல்லி, இது போதாது என்று சொல்லப்போகிறது. பிரிக்காமலேயே அவனுக்கு அது தெரியும்.

இது என் ஊகமாக மட்டும் இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, பயங்கர அனுபவத்துக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய், அதை மருத்துவர்கள் நான்கு வகை அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நினைவுகள் தானாக வந்து தாக்குவது; அவற்றை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது; எண்ணமும் உணர்ச்சியும் இருண்டுபோவது; எப்போதும் விறைப்பாக, திடுக்கிட்டபடி இருப்பது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது, தவிர்ப்பதைத் தனி வகையாகவே பிரித்தார்கள். அது இல்லாமல் நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றும் வைத்தார்கள். அதாவது ஒரு மருத்துவர் மச்சானிடம் தேடவேண்டிய அடையாளம், அந்த நைந்த மூலை. அதே மூலையை ஒரு கிராணி பார்த்தால் அலட்சியம் என்று எழுதிக்கொள்வார். கோர்ட் எதிர்பார்ப்பது மொத்தமாகச் செயலிழந்துபோன மனிதனை. இந்த நோய் அப்படி மொத்தமாக அடிப்பதில்லை. எந்தக் காகிதம் அவனுக்கு உதவுமோ, அந்த ஒரு காகிதத்தின் பக்கம் மட்டும் போகவிடாது.

இன்னொரு முடிச்சும் உண்டு. கெடுவைத் தளர்த்தக் கேட்பவர் அசாதாரணமான சூழ்நிலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். விடாமல் முயற்சி செய்ததையும் காட்ட வேண்டும். முடியாமல் கிடந்தேன் என்றும் முயன்றுகொண்டே இருந்தேன் என்றும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வது? இதற்கு 2014ல் செக்கோ என்ற முன்னாள் படைவீராங்கனையின் வழக்கில் ஒரு வழி பிறந்தது. வீடில்லாமல் இருந்த காலத்தில் வாரியத்தின் கடிதம் அவருக்குக் கிடைக்கவில்லை. 33 நாள் தாமதம். அந்தச் சூழ்நிலை இருந்த நாட்களுக்குக் கடிகாரத்தை நிறுத்திவைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும், முயற்சி செய்தாரா என்பதையும் அந்த நாட்களை வைத்தே பார்க்க வேண்டும், வெளியே வந்த பிறகு ஒவ்வொரு நாளும் என்ன செய்தாய் என்று குடையக்கூடாது என்று மேல்நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புகளை எத்தனையோ வருஷமாகப் படித்து ஃபைலில் கட்டுகிறேன். ஒரு மனிதனுடைய வாழ்க்கை எப்படி நகர்கிறது என்று பார்த்து எழுதியதாக எனக்குத் தோன்றியவற்றில் இது ஒன்று.

ஆனால் எல்லாக் கெடுவுக்கும் இது கிடையாது. 2023ல் அரெல்லானோ வழக்கு வந்தது. கடற்படையில் இருந்தவர், 1981ல் வெளியே வந்தவர். பணியிலிருந்து விலகிய ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால், விலகிய மறுநாளிலிருந்தே பலன் உண்டு. அவர் சார்பில் மனுப் போனதே 30 வருஷம் கழித்துத்தான். கப்பலில் நேர்ந்த விபத்தில் வந்த மனநோய்தான் தாமதத்துக்குக் காரணம் என்று வாதாடினார்கள். எந்தெந்த நிலைமைக்கு முன்தேதி கொடுக்கலாம் என்று நாடாளுமன்றமே நீண்ட பட்டியல் போட்டிருக்கிறது, அதில் இல்லாததைக் கோர்ட் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சட்டத்தைப் படித்தால் அந்த வாதம் நிற்கிறது. அப்படியானால் பட்டியலைத் திருத்த வேண்டியவர்கள் திருத்தட்டும். எந்த நோய்க்காகப் பணம் கொடுக்கிறீர்களோ அந்த நோய் மனிதனை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொண்டு கெடு வைப்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. மனநோய்க் கோரிக்கையை மறுக்கும்போது கடிதத்தை அவருக்கு மட்டும் போடாமல், மனுவிலேயே அவர் குறித்துக்கொடுத்த ஒரு சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒருவர் போன் பண்ணிக் கேட்கலாம். இதற்கு ஆகும் செலவு என்ன பெரிய செலவு?

இதே கண்ணோடு நம் ஊரையும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கை போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், 90 நாள் கடந்த பிறகு மகனோ மகளோ தாங்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வருகிறார்கள். கடிதம் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் வழக்கம். இப்போது கடிதம் வீட்டில் எங்கே இருந்தது, யார் பிரித்தது, பிரிக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தாரா என்றும் கேட்கிறேன். பதில்கள் நீளமாக வருகின்றன. அப்படியே எழுதி ஃபைலில் வைக்கிறேன்.

மச்சான் மாதிரி வேறு யாராவது இங்கே இருந்தால், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. மனுவே இன்னும் போடவில்லை என்றால், போடப்போகிறேன் என்று ஓர் அறிவிப்பு மட்டும் முதலில் கொடுத்துவிடலாம். அந்தத் தேதி ஒரு வருஷத்துக்குக் காப்பாற்றப்படும். முகவரி மாறினால் அன்றைக்கே பதிவில் மாற்றுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே படைவீரர் நலத் துறையின் வட்டார அலுவலகம் மணிலாவில் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இணையம் வழியாகவே இலவசமாக உதவுவார்கள், ஏஜெண்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்புறம், 120 நாள் கெடுவில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் தபாலை நம்பி இருக்க வேண்டாம். தபால் முத்திரைத் தேதியைக் கணக்கில் எடுப்பதாகச் சட்டம் சொல்வது அமெரிக்கத் தபால் முத்திரையைத்தான். மின்னஞ்சலில் அனுப்ப வழி இருக்கிறது.

வாரியத்திடம் நியாயமான காரணம் காட்டி, கெடு முடிந்த பிறகும் அவகாசம் கேட்க விதி இடம் கொடுக்கிறது. மச்சானுக்கு அந்த வழியைத்தான் எடுத்திருக்கிறோம். அது மறுக்கப்பட்டால் துணைக் கோரிக்கை இருக்கிறது, தேதி மட்டும் போகும். குடும்பத்தார் கண்ணால் பார்த்ததை வாக்குமூலமாகக் கொடுக்கலாம் என்று சங்கப் பிரதிநிதி சொன்னார். மச்சானின் மனைவி இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினாள். முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் மாற்றினோம். ஐஸ்பெட்டி மேல் கவர் இருந்தது, மழையில் கார் கழுவியது, எல்லாம் அதில் இருக்கிறது. கவரைப் படம் எடுத்து இணைத்தோம். ஹோட்டல் ரசீதுகளையும் வைக்கலாமா என்று அவள்தான் கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் அதே ராத்திரி, அதே ஹோட்டல். போனில் தேடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சீனப் பெருநாள் ஒன்பதாம் நாள் என்றால் என்ன என்று வாரியத்தில் இருப்பவர்களுக்குப் புரிய ஒரு பத்தி நான் எழுதினேன்.

மனு கிடைத்தது என்று ஒப்புகை வந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது மச்சானுக்கு ஒரு பிரதி, சங்கப் பிரதிநிதிக்கு ஒரு பிரதி வரும். பிரதிநிதி அதை அன்றைக்கே அவன் மனைவிக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. மச்சானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏற்பாடுதான் அது.